நிலத்தை எடுத்தார்கள், வேலையும் போனது: தேதிகளோடு மல்லுக்கட்டிய கதை

ஒரே வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வழக்கு வந்து சேர்ந்தது. அப்பாவின் புஞ்சையில் ஒரு துண்டை நான்கு வழிச் சாலைக்காக எடுத்தார்கள். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த தனியார் நூற்பாலை எங்கள் பிரிவை மூடி, பணிக்கொடை (கிராஜுவிட்டி) தராமலே வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. ஒன்று ரெவின்யூ ஆபீஸ் சமாச்சாரம், இன்னொன்று லேபர் ஆபீஸ் சமாச்சாரம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் இரண்டு கட்டு காகிதத்தையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்த்தபோது எதிராளி செய்வது ஒரே வேலைதான் என்று தெரிந்தது. உனக்கு உரிமை இல்லை என்று யாருமே சொல்வதில்லை. தேதியைத் தள்ளுகிறார்கள், தேதியை மாற்றுகிறார்கள், முடிந்தால் தேதியே போடாமல் கையெழுத்து கேட்கிறார்கள். நாம் சண்டை போட வேண்டியதும் அங்கேதான்.

நான் வக்கீல் இல்லை. எங்களுக்கு நடந்ததையும், அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீலைக் கேளுங்கள்.

முதலில் நிலம். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் வருஷத்து தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி. அதில் 3ஏ என்று ஒரு பிரிவு. இந்தப் புல எண்களில் இத்தனை சதுர மீட்டர் எடுக்கப்போகிறோம் என்று அரசிதழில் அறிவிப்பு வரும், பிறகு இரண்டு நாளிதழ்களில் அதன் சாரத்தைப் போடுவார்கள், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. எங்கள் ஊரில் டீக்கடைக்கு வருவது ஒரு பேப்பர், விளம்பரம் வந்ததோ வேறொரு பேப்பரில். அண்ணன் டவுனுக்குப் போனபோது பேருந்து நிலையத்தில் யாரோ படித்துப் போட்டுவிட்டுப் போன தாளில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்துதான் விஷயமே தெரிந்தது. இதில் முக்கியமான சங்கதி, ஆட்சேபணை சொல்ல 21 நாள்தான், அதுவும் அரசிதழில் வந்த நாளிலிருந்து. நமக்குத் தெரிந்த நாளிலிருந்து இல்லை.

அந்த 21 நாளில் சொல்லும் ஆட்சேபணை, நிலத்தை அந்த வேலைக்கு எடுப்பது பற்றியது. விலை கம்மி என்று அங்கே எழுதினால் ஓரமாக வைத்துவிடுவார்கள். விலைக்கு வேறு கட்டம் வருகிறது, அதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் பிரச்சினை கிணறு. சர்வேயர் கல் ஊன்றி மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டுப் போன பிறகு போய் நின்று பார்த்தால் கோடு கிணற்றின் வாயிலேயே குறுக்கே போகிறது. முக்கால் வட்டம் ரோட்டுக்கு, கால் வட்டம் எங்களுக்கு. மோட்டார் ரூம் எங்கள் பக்கம், படிக்கட்டு அவர்கள் பக்கம். அறிவிப்பில் கிணறு என்ற வார்த்தையே இல்லை, வெறும் புஞ்சை என்று சதுர மீட்டர் கணக்கு மட்டும். "கிணறு போச்சுன்னா மிச்ச நிலத்தை வச்சுக்கிட்டு நான் என்ன செய்றது?" என்று அப்பா கேட்டதற்கு அங்கே நின்ற யாரிடமும் பதில் இல்லை. அதையே எழுதி, கிணற்றை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, அன்றைய பேப்பரைக் கைப்பிடிச் சுவரில் விரித்து வைத்து அதுவும் படத்தில் விழுகிற மாதிரி எடுத்து, மின் இணைப்பு ரசீதோடு ஆட்சேபணைக் கடிதத்தில் சேர்த்தோம். கோடு மாறவில்லை. ஆனால் பிறகு இழப்பீட்டுக் கணக்கில் கிணறு ஏறியது அந்தக் கடிதத்தால்தான். அதனால் ஆட்சேபணை எடுபடாது என்று தெரிந்தாலும் எழுதிக் கொடுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்காமல் அந்த ஆபீஸை விட்டு வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால், ஒப்புதல் அட்டையோடு.

3ஏ தேதிக்கு இன்னொரு கனம் உண்டு. நிலத்தின் சந்தை மதிப்பை அந்தத் தேதியில் என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் போடுவார்கள். அதற்கு அப்புறம் ரோடு வருகிறது என்று பக்கத்து நிலம் மூன்று மடங்கு விலை ஏறினாலும் நமக்கு உதவாது. அந்த அறிவிப்பிலிருந்து ஒரு வருஷத்துக்குள் 3டி என்ற அடுத்த அறிவிப்பு வர வேண்டும், வராவிட்டால் 3ஏ காலாவதி. 3டி வந்த நாளில் நிலம் அரசுக்குப் போய்விடுகிறது, பட்டாவில் நம் பெயர் இருந்தாலும்.

சரி, விலை. 2015 ஜனவரி 1 முதல் 2013ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறை நெடுஞ்சாலைக்கும் பொருந்துகிறது. அந்தச் சட்டத்தில் 26 முதல் 30 வரையான பிரிவுகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எல்லாமே அவற்றில்தான் இருக்கிறது. அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று வருஷத்தில் நடந்த கிரயப் பத்திரங்களில் விலை அதிகமான பாதியை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அது அடிப்படை விலை. அதைக் கிராமப்புறம் என்றால் 1 முதல் 2 வரை மாநில அரசு வைத்திருக்கும் ஒரு எண்ணால் பெருக்குவார்கள், மரம், கிணறு, கட்டடம் மதிப்பைக் கூட்டுவார்கள், வரும் தொகைக்குச் சமமாக ஆறுதல் தொகை என்று இன்னொரு 100 சதவீதம். சந்தை மதிப்பின் மேல் வருஷத்துக்கு 12 சதவீதம் தனியாக. பெருக்கும் எண் 1.25 என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு அடிப்படை விலையில் நாம் கோட்டைவிடும் 10 ரூபாய் கடைசிக் கணக்கில் 25 ரூபாயாகக் குறையும். ஆகவே மொத்தச் சண்டையையும் அடிப்படை விலையில் போடுங்கள்.

ஆபீஸில் என்ன செய்கிறார்கள் என்றால், வழிகாட்டி மதிப்பை எடுத்து எழுதிவிட்டு முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். பத்திரங்களைத் தேடி எடுக்கும் வேலை நம் தலையில். நாங்கள் செய்தது இதுதான்: எங்கள் புல எண்ணுக்கு மட்டுமில்லாமல் சுற்றியுள்ள புல எண்களுக்கெல்லாம் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். 3ஏ தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக் கிரயங்களைக் குறித்து, விலை நல்லபடியாக இருந்தவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கினோம். காசு கொஞ்சம் செலவானது. ஆனால் வெறும் வாயால் "இங்கே செண்டு என்ன விலை போகிறது தெரியுமா" என்று கத்துவதற்கும் பத்திர எண்ணோடு மேசையில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அதிகாரியின் முகத்தில் பார்த்தேன்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வலி உண்டு. எல்லோரும் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டு மிச்சத்தைக் கையில் வாங்கிக்கொண்டவர்கள்தானே! போதாததற்கு 2017 ஜூன் 9 முதல் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. வீடு மனை வாங்கியவர்களுக்கு அப்போது கொண்டாட்டம். ஆனால் அந்த வருஷங்களில் பதிவான பத்திரங்களை வைத்து ஒருவர் நிலத்துக்கு விலை போட்டால் அந்தக் கொண்டாட்டத்துக்கு அவர் பணம் கட்டுகிறார் என்று அர்த்தம். முழு விலைக்குப் பத்திரம் போட்ட ஒன்றிரண்டு பேர், பெரும்பாலும் வங்கிக் கடன் வாங்கி வாங்கியவர்கள், அவர்களுடைய பத்திரங்கள்தான் எங்களைக் காப்பாற்றின.

மரம் எண்ண வந்த நாளில் கட்டாயம் கூடவே நில்லுங்கள். தென்னையில் காய்க்கிறது, காய்க்காதது என்று இரண்டு பத்தி வைத்திருந்தார்கள். பாளை விட்டிருந்த மரத்தையெல்லாம் காய்க்காத பத்தியில் எழுதப் போனார் ஒருவர். அண்ணன் மரத்துக்கு மரம் நடந்து கூடவே போய், பாளையைக் காட்டி, அங்கேயே திருத்தி எழுத வைத்து மகஜரில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட பிறகு திருத்துவது ரொம்பக் கஷ்டம்.

அடுத்தது பணம் வாங்கும் நாள். 2013 சட்டத்தின்படி நேரடியாக நிலம் எடுக்கும் வழக்குகளில், ஆட்சேபணையோடு என்று எழுதாமல் பணம் வாங்கியவர் கூடுதல் இழப்பீடு கேட்க முடியாது, 77வது பிரிவு. நெடுஞ்சாலைச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இருந்தாலும் வக்கீல் சொன்னபடி ரசீதில் கையெழுத்துக்கு மேலே "தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன், கூடுதல் இழப்பீடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று அப்பா கைப்பட எழுதி, தேதி போட்டார். எழுத்தர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். பணத்தை வாங்க மாட்டேன் என்று வீம்பு பிடிக்காதீர்கள், பணம் அங்கே கிடப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை, நமக்குத்தான்.

அப்பாவோடு பிறந்த அத்தையின் பங்கு விஷயமும் இங்கேதான் வந்தது. பட்டா இன்னும் தாத்தா பெயரில். வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போனால் அத்தை பெயர் வருமா வராதா என்று அண்ணனுக்குக் கவலை. அத்தை என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன்டி, எனக்குத் தெரியாம ரூவா வாங்கிருவீங்களாக்கும்?" பங்கில் தகராறு என்று ஒருவர் மனு கொடுத்தால் அதிகாரி அதை மாவட்ட சிவில் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார், பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும், எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. அண்ணனிடம் இதைச் சொன்னதும் அவரே அத்தை வீட்டுக்குப் போய்ப் பேசி, பங்கை எழுத்தில் ஒத்துக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தோம். நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றைக்கே பட்டா, வாரிசு, உட்பிரிவு இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். வீட்டுச் சண்டை அரசாங்கத்துக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கும் வட்டி கொஞ்சநஞ்சமில்லை.

தொகை போதாது என்றால் அடுத்த படி நடுவர். தமிழ்நாட்டில் அது மாவட்ட ஆட்சியர். அதாவது அரசுக்கு நிலம் எடுத்துத் தரும் நிர்வாகத்தின் தலைவரே நடுவராக உட்கார்ந்து விலை சரியா என்று பார்ப்பார். இதில் நியாயம் கிடைக்குமா என்று கேட்டால், 2021 ஜூலை 20 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். அது நம் தமிழ்நாட்டு நிலங்கள்தான். அதிகாரி வழிகாட்டி மதிப்பை வைத்து சதுர மீட்டருக்கு 46.55 ரூபாயிலிருந்து 83.15 ரூபாய் வரை போட்டிருந்தார், நடுவரான ஆட்சியரும் அதையே ஒப்புக்கொண்டார், மாவட்ட நீதிமன்றம்தான் 645 ரூபாயாக்கியது. இத்தனைக்கும் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன தெரியுமா? நடுவர் தீர்ப்பில் கோர்ட் தொகையை மாற்ற முடியாது, ரத்து மட்டும்தான் செய்யலாம், ஆனால் இந்த நில உரிமையாளர்கள் வாங்கியதை நாங்கள் பறிக்கவில்லை என்று. ரத்து செய்தால் மறுபடி அதே நடுவரிடம் போய் நிற்க வேண்டும். கிட்டத்தட்ட நாலு வருஷம் இதுதான் சட்டமாக இருந்தது.

2025 ஏப்ரல் 30 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைக் கொஞ்சம் தளர்த்தியது. சில வரம்புகளுக்குள் நடுவர் தீர்ப்பைக் கோர்ட் மாற்றலாம் என்று நான்கு பேர் சொன்னார்கள், ஒருவர் மறுத்தார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த வழக்கு நிலம் பற்றியதே இல்லை. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த பெண், பாலியல் தொந்தரவு என்று புகார் சொல்லி வேலையை விட்ட பிறகு இழப்பீடு கேட்டு நடத்திய வழக்கு. ஒரு ஊழியரின் சண்டையால் நிலம் இழந்த விவசாயிக்குக் கோர்ட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. எங்கள் வழக்கும் இப்போது மாவட்ட நீதிமன்றத்தில்தான், அந்தத் தீர்ப்பைத்தான் வக்கீல் மேற்கோள் காட்டியிருக்கிறார். நடுவர் தீர்ப்பு கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், காரணம் காட்டினால் மேலும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது.

பழைய ஆட்களுக்கு ஒரு வார்த்தை. 1997 முதல் 2015 வரை நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகையும் அதற்கான வட்டியும் தரவில்லை. 2019 செப்டம்பர் 19 அன்று தர்சேம் சிங் வழக்கில் அப்படித் தராமல் விட்டது செல்லாது, கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இனிமேல் வரும் வழக்குகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா என நெடுஞ்சாலை ஆணையம் கேட்டதை 2025 பிப்ரவரி 4 அன்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் நிலம் கொடுத்தவர்கள் பழைய கோப்பைத் தூசி தட்டி ஒரு வக்கீலிடம் காட்டுவது நல்லது.

தேதி விஷயத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கர்நாடக வழக்கு ஒன்று. பெங்களூர் மைசூர் சாலைத் திட்டத்துக்கு 2003இல் அறிவிப்பு, 2005இல் நிலத்தை எடுத்தாகிவிட்டது, இழப்பீட்டு உத்தரவு வந்தது 2019இல். அதற்கு இடையில் காசே இல்லை. 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் விலையை 2019 ஏப்ரல் 22 நிலவரப்படி போட்டுக் கொடுங்கள் என்று உத்தரவிட்டது. பணத்தின் மதிப்பு கரைவதையும் கணக்கில் எடுத்தார்கள். ஆனால் அது உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தில் செய்தது. கலெக்டர் ஆபீஸில் போய் இதைக் காட்டி எனக்கும் போடு என்றால் நடக்காது.

இப்போது ஆலை. பிரிவை மூடுகிறோம் என்று வாயால்தான் சொன்னார்கள், எழுத்தில் ஒன்றுமில்லை. மேலாளர் அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இரண்டு காகிதம் நீட்டினார். ஒன்று ராஜினாமாக் கடிதம், டைப் அடித்துத் தயாராக, தேதி மட்டும் வெற்றிடம். இன்னொன்று "எனக்குச் சேர வேண்டிய தொகை அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ரசீது. "ஏம்மா, எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க மட்டும் ஏன் படிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார். அப்பாவின் நில ரசீது அனுபவம் கையில் இருந்ததால் படித்துக்கொண்டிருந்தேன்.

ராஜினாமா எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நிர்வாகம் ஆட்குறைப்பு செய்தால் அப்போதிருந்த தொழில் தகராறு சட்டப்படி குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அத்தோடு ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தர வேண்டும், இது பணிக்கொடைக்கு மேல் தனி. நாமே ராஜினாமா செய்தால் அந்தத் தொகை கிடையாது, நீக்கியது தவறு என்று தொழிலாளர் நீதிமன்றம் போவதும் பலவீனமாகிவிடும். தேதி வெற்றிடம் எதற்கு என்றால், நம்மைப் பணியில் தொடர்ச்சி இல்லாதவர் என்று காட்ட வசதியான ஒரு தேதியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். நான் ராஜினாமாவில் கையெழுத்துப் போடவில்லை. ரசீதில் "பணிக்கொடையும் ஆட்குறைப்பு இழப்பீடும் நீங்கலாக, இந்த மாதச் சம்பளம் மட்டும்" என்று எழுதி, அன்றைய தேதி போட்டுக் கொடுத்து, போனில் படம் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும், பிரிவை மூடுவதாக வாய்மொழியாகச் சொல்லப்பட்டது, எழுத்தில் தாருங்கள் என்று ஒரு மின்னஞ்சல், அதே வாசகத்தில் பதிவுத் தபால். பதில் வரவில்லை. பதில் வராததும் பிறகு எனக்குச் சாதகமாகத்தான் ஆனது.

பணிக்கொடைக் கணக்கு லேசானது. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு 18,200 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 700, வருஷத்துக்கு 10,500. பணி 14 வருஷம் 7 மாதம் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் போனதால் 15 வருஷமாகக் கொள்வார்கள், 1,57,500. உச்சவரம்பு 20 லட்சம். ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும் என்றாலும் 4 வருஷமும் ஐந்தாவது வருஷத்தில் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998லேயே சொல்லியிருக்கிறது, மேட்டூர் பியர்ட்செல் வழக்கில்.

ஆலை என் பணிக்காலத்தை இரண்டாக வெட்டியது. நடுவில் கொஞ்ச காலம் என்னை ஒரு ஒப்பந்ததாரர் கணக்கில் காட்டியிருந்தார்கள், அதே நாற்காலி, அதே கம்ப்யூட்டர், அதே மேலாளர். அதற்கு முந்தியது வேறு பணி, பிந்தியது வேறு பணி என்பது அவர்கள் வாதம். எனக்குக் கை கொடுத்தது பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ அட்டை, போனஸ் சீட்டுகள், அப்புறம் அந்த இடைக்காலத்தில் ஆலை நிர்வாகமே எனக்கு லீவு அனுமதித்த சீட்டு ஒன்று. ஒப்பந்ததாரர் ஆள் என்றால் ஆலை எப்படி லீவு கொடுத்தது? வேலையில் இருக்கும்போதே இந்தச் சீட்டுகளை வீட்டில் சேர்த்து வையுங்கள். வெளியே வந்த பிறகு பதிவேடு நம் கைக்கு வராது. ஒப்பந்தம் என்ற பெயரில் வருஷக்கணக்கில் வேலை வாங்குவதைப் பற்றி உச்ச நீதிமன்றமும் இப்போது கடுமையாகத்தான் பேசுகிறது. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவும் தோட்டவேலையும் செய்து ஒரே நாளில் அனுப்பப்பட்டவர்களை நிரந்தரமாக்கச் சொன்ன 2024 டிசம்பர் 20 தீர்ப்பு அதற்குச் சாட்சி. தமிழ்நாட்டில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, ஆலைகளில் அதை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

பணிக்கொடை கேட்கும் நடைமுறை, என் வழக்கு நடந்த, 2025 நவம்பர் 21க்கு முந்தைய சட்டத்தில், இது. வேலை போன 30 நாளுக்குள் நிர்வாகத்துக்குப் படிவம் 'ஐ'. நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கணக்குப் போட்டு 30 நாளுக்குள் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. தராவிட்டால் 90 நாளுக்குள் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் படிவம் 'என்'. எங்கள் பக்கம் அது தொழிலாளர் உதவி ஆணையர். நாள் கடந்துவிட்டால் தாமதத்துக்குத் தக்க காரணம் எழுதி மனு போடலாம். வக்கீல் இல்லாமலும் நடத்தலாம், நான் பாதி வரை அப்படித்தான் நடத்தினேன். ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டாரே என்று நிர்வாகம் சொன்னால் 14வது பிரிவைக் காட்டுங்கள், பணிக்கொடைச் சட்டம் மற்ற ஒப்பந்தங்களுக்கு மேலே நிற்கும். தாமதத்துக்கு வருஷம் 10 சதவீதம் தனி வட்டி. மேல்முறையீடு போக வேண்டுமானால் நிர்வாகம் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் ஆலை மேல்முறையீட்டுக்குப் போகாததற்குக் காரணம் அந்த ஒரு விதிதான் என்று நினைக்கிறேன்.

உத்தரவு வந்தும் ஆலை உடனே கட்டவில்லை. அந்தப் பணிக்கொடைச் சட்டத்தின் 8வது பிரிவில் அதிகாரி ஒரு சான்று எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார், ஆட்சியர் அதை நிலவரி பாக்கி மாதிரி வசூல் செய்து தர வேண்டும். ஆக அப்பாவின் மனுவும் அதே ஆட்சியர் அலுவலகத்தில், என் சான்றும் அதே அலுவலகத்தில், மாடி மட்டும் வேறு. ஒரே நாளில் இரண்டு பிரிவிலும் விசாரித்துவிட்டு வருவேன். தாசில்தார் நோட்டீஸ் ஆலை வாசலில் ஒட்டப்போகிறது என்ற பேச்சு வந்ததும் காசோலை வந்தது, வட்டியோடு. ஆட்குறைப்பு இழப்பீடு இன்னும் வரவில்லை, அது தொழிலாளர் நீதிமன்றத்தில் தனியாக ஓடுகிறது.

இந்த இரண்டுக்கும் அடியில் ஒரே சட்ட வரி ஓடுகிறது என்பதை வழக்கு பாதி போன பிறகுதான் வக்கீல் சொன்னார். சொத்துரிமை 1978இல் 44வது திருத்தத்தின் மூலம் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போய்விட்டது, ஆனால் 300ஏ என்ற பிரிவாக அரசியலமைப்பில் இருக்கிறது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் எடுக்கக் கூடாது. 2024 மே 16 அன்று கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் இதை ஏழு கூறுகளாகப் பிரித்துச் சொன்னார்கள்: நோட்டீஸ், நம் பக்கத்தைக் கேட்பது, காரணம் எழுதிய முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, தாமதமில்லாத நடைமுறை, கடைசியில் எடுப்பை முறையாக முடிப்பது. 2013இல் ஜார்க்கண்ட் அரசு வழக்கில் ஓய்வூதியமும் பணிக்கொடையும் ஊழியரின் சொத்து, சட்ட அனுமதி இல்லாமல் நிறுத்திவைப்பது 300ஏவுக்கு விரோதம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது அரசு ஊழியர் வழக்கு, தனியார் ஆலைக்கு அப்படியே ஒட்டாது. ஆனாலும் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப உன் வேலையும் நம்ம புஞ்சையும் ஒண்ணுதானே" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் புதிதாக வேலை போகிறவர்களுக்குச் சில விஷயம் மாறும். படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த உபரி ஊதியமாகவே கணக்கில் வரும், அடிப்படையைச் சின்னதாக வைத்துப் பணிக்கொடையைக் குறைக்கும் பழைய வித்தை இனி அவ்வளவாக எடுபடாது. நிரந்தரமில்லாத, குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்குப் பணிக்கொடை கிடைக்க ஒரு வருஷம் போதும். வேலையை விட்டாலோ நீக்கினாலோ சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. என் வழக்கு பழைய சட்டத்தில் நடந்தது, புதியது எப்படி ஓடுகிறது என்பதை இனி வருபவர்கள்தான் எழுத வேண்டும்.

அன்று அந்த அறையில் இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்ட என் கூட வேலை பார்த்தவர்கள் சிலர் நான் பணம் வாங்கியது தெரிந்து வந்து கேட்டார்கள். 90 நாள் எப்போதோ போய்விட்டது. தாமத மன்னிப்பு மனுவோடு படிவம் 'என்' போட வைத்திருக்கிறோம், அவர்களுடைய ராஜினாமாவில் போட்டிருக்கும் தேதிக்கு அப்புறமும் பிஎஃப் கணக்கில் ஒரு மாதம் பணம் ஏறியிருப்பதை அதில் காட்டியிருக்கிறோம். அடுத்த வாய்தாவுக்கு ஆலை நிர்வாகம் பதிவேட்டைக் கொண்டுவர வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார்.